இலவச சேனலில் வரி விளம்பரம்: ஸ்க்ரோலா, முழுத்திரை அட்டையா?

தரைவழி_அலை கேட்டது:

கட்டணமில்லாமல் ஆன்டெனாவில் வரும் சிறிய சேனல் ஒன்றில் வரி விளம்பரப் பகுதி தொடங்குகிறோம். வீடு வாடகைக்கு, நிலம் விற்பனைக்கு, வேலைக்கு ஆள் தேவை, பழைய வண்டி, பழைய இயந்திரம் என்று நாளொன்றுக்குச் சுமார் 40 விளம்பரங்கள். இப்போதைக்குத் திரையின் அடியில் ஸ்க்ரோலாக விடுகிறோம். வெளியீடு 1920 × 1080 இண்டர்லேஸ்டு (ஒரு ஃப்ரேம் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு ஃபீல்டாகப் போகும்), நொடிக்கு 25 ஃப்ரேம். கிராஃபிக்ஸ் கணினியின் எஸ்டிஐ கார்டிலிருந்து (ஒளிபரப்பு வீடியோவை வெளியே அனுப்பும் கார்டு) ஃபில் (எழுத்தின் படம்), கீ (எந்த இடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்) இரண்டும் ஸ்விட்சருக்குப் போகின்றன. அங்கே டவுன்ஸ்ட்ரீம் கீயரில் படத்தின் மேல் ஏற்றுகிறோம்.

சிக்கல்கள் நான்கு. ஒன்று, எழுத்து வழுக்கிக்கொண்டு போகாமல் நடுங்கி நடுங்கிப் போகிறது. இரண்டு, கொம்பு இடம் மாறுகிறது. ‘கு’, ‘டு’ எல்லாம் உடைந்து தெரிகின்றன. மூன்று, போன் நம்பரைக் குறிப்பதற்குள் ஓடிவிடுகிறது என்று பார்வையாளர்கள் புகார் சொல்கிறார்கள். நான்கு, கட்டணத்தைச் சொல்லுக்கு இவ்வளவு என்று வைப்பதா, எழுத்துக்கு இவ்வளவு என்று வைப்பதா என்பதில் அலுவலகத்துக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

க்யூஆர் கோடு போட்டால் மூன்றாவது சிக்கல் தீருமா என்பதையும் சொல்லுங்கள்.

---

எம்சிஆர்_இரவுப்பணி:

முதல் சிக்கலுக்கும் மூன்றாவது சிக்கலுக்கும் மட்டும் பதில் சொல்கிறேன். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: வேகத்தை நீங்கள் எந்த அலகில் கொடுக்கிறீர்கள் என்பது.

பெரும்பாலான மென்பொருளில் ‘இத்தனை நொடியில் திரையைக் கடக்கட்டும்’ என்று கேட்கும். 11 நொடி என்று போட்டால் 1920-ஐ 11-ஆல் வகுத்து நொடிக்கு 174.5 பிக்சல் வரும். உங்கள் வெளியீட்டில் நொடிக்கு 50 ஃபீல்டு. அப்படியென்றால் ஒரு ஃபீல்டுக்கு 3.49 பிக்சல். அரைப் பிக்சல் நகர முடியாது என்பதால் மென்பொருள் ஒரு முறை 3, அடுத்த முறை 4 என்று மாற்றி மாற்றித் தள்ளும். நீங்கள் பார்க்கும் நடுக்கம் அதுதான். சில மென்பொருள் பின்னத்தை அப்படியே கணக்கில் எடுத்துக்கொண்டு எழுத்தைக் கலங்கலாக வரையும். அப்போது நடுங்காது, ஆனால் மங்கும். வேகத்தை ஒரு ஃபீல்டுக்கு முழு எண்ணாகக் கொடுங்கள்: 3 அல்லது 4. நொடிக்கு 150 அல்லது 200 பிக்சல்.

அது சரியாக இருந்தும் நடுங்கினால் இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.

கிராஃபிக்ஸை 25 ப்ரோகிரஸிவாக (ஃபீல்டாகப் பிரிக்காமல் முழு ஃப்ரேமாக) வரைந்து அனுப்பினால் ஒரு ஃப்ரேமின் இரண்டு ஃபீல்டிலும் ஒரே படம் இருக்கும். எழுத்து 4 பிக்சல் வீதம் 50 முறை நகர வேண்டியது 8 பிக்சல் வீதம் 25 முறை தாவும். கண்ணுக்கு இரட்டை விளிம்பாகத் தெரியும். ஃபீல்டு அடிப்படையில் வரையும் அமைப்பு கட்டாயம் வேண்டும்.

ஃபீல்டு வரிசை தலைகீழாக இருந்தால் எழுத்து முன்னே ஓரடி, பின்னே ஓரடி என்று உதறும். 1080 இண்டர்லேஸ்டில் மேல் ஃபீல்டுதான் முதலில். பழைய DV வகைக் கேமராவின் கோப்புகள் கீழ் ஃபீல்டு முதலாக வரும். அந்த அமைப்பு ப்ரீசெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, அசைவைக் கணினித் திரையின் 60 ஹெர்ட்ஸ் கடிகாரத்தை வைத்து ஓட்டினால் வெளியீட்டின் 50-க்கு நொடிக்குப் பத்துப் படி விழுந்துபோகும். வலைப்பக்க வார்ப்புருவில் ஸ்க்ரோல் செய்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். அசைவு எஸ்டிஐ கார்டின் கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும்.

இப்போது போன் நம்பர். 48 பிக்சல் எழுத்தளவில் ஓர் இலக்கம் சுமார் 27 பிக்சல். பத்து இலக்கமும் இடைவெளியும் சேர்த்து 320 பிக்சல் என்று வையுங்கள். இரு பக்கமும் 5 சதவீதம் பாதுகாப்பு விட்டால் உங்களுக்கு மிஞ்சுவது 1728 பிக்சல். அதில் எண் முழுதாகத் தெரியும் தூரம் 1408 பிக்சல். நொடிக்கு 300 பிக்சலில் 4.7 நொடி, 200-இல் 7 நொடி, 150-இல் 9.4 நொடி. எழுந்துபோய்ப் பேனா எடுக்க நேரமில்லாவிட்டாலும், போனில் தட்டிக்கொள்ள 9 நொடி போதும். 5 நொடி போதாது. என்னைக் கேட்டால் வரி விளம்பரத்துக்கு ஃபீல்டுக்கு 3 பிக்சல்தான். செய்தி ஸ்க்ரோலுக்கு வைத்த வேகத்தை அப்படியே இதற்கும் வைப்பதால் வரும் புகார் இது. செய்தியை யாரும் எழுதி வைத்துக்கொள்வதில்லை.

எண் விளம்பரத்தின் கடைசியில் வரட்டும். பொருள், இடம், நிபந்தனை எல்லாம் படித்து ‘அட, நமக்கு ஆகுமே’ என்று தோன்றிய பிறகுதான் எண் தேவைப்படும். முதலிலேயே வந்தால் அதற்குள் எண் திரையை விட்டுப் போயிருக்கும்.

---

கொம்புக்கால்:

இரண்டாவது சிக்கல். உங்கள் கிராஃபிக்ஸ் மென்பொருள் யூனிகோடைப் படிக்கிறது, ஆனால் எழுத்தைக் கோக்கவில்லை. ‘கெ’ என்பதில் சேமிப்பில் ‘க’ முதலில், கொம்பு பிறகு. திரையில் கொம்பு முன்னே வர வேண்டும். ‘கொ’ இன்னும் மோசம்: ஒரே குறி இரண்டாகப் பிரிந்து க-வின் இரு பக்கமும் உட்கார வேண்டும். ‘கு’, ‘டு’, ‘மூ’ போன்றவற்றுக்கு ஃபான்ட்டுக்குள் தனி வடிவம் இருக்கிறது. அதை எடுத்துப் போடச் சொல்லும் வேலையை ஹார்ஃப்பஸ் மாதிரியான, எழுத்தைக் கோக்கும் மென்பொருள் செய்யும். அது இல்லாத மென்பொருளில் ஃபான்ட்டை எத்தனை மாற்றினாலும் பயனில்லை. ஃபான்ட் மேல் பழி போட்டு நாள்களை வீணாக்க வேண்டாம்.

மென்பொருளை மாற்ற முடியாவிட்டால் சுற்றுவழி இருக்கிறது. ஒவ்வொரு விளம்பரத்தையும், தமிழைச் சரியாகக் கோக்கும் வேறொரு கருவியில் ஆல்ஃபாவுடன் (எழுத்து இல்லாத இடம் ஊடுருவித் தெரியும்படி) பிஎன்ஜி படமாக வரைந்து, அந்தப் படத்தை ஸ்க்ரோல் விடுங்கள். பாங்கோ என்ற, எழுத்து வரையும் நிரல் நூலகம், அல்லது வலை உலாவியின் எஞ்சினே போதும். மொத்த நாளின் விளம்பரத்தையும் ஒரே நீளப் படமாக வரையாதீர்கள். பல கிராஃபிக்ஸ் கார்டுகளில் படத்தின் அகல வரம்பு 16384 பிக்சல். அதைத் தாண்டினால் சத்தமில்லாமல் சுருக்கிவிடும், அல்லது வெறும் கறுப்பு வரும். விளம்பரத்துக்கு ஒரு படம், அடுத்தடுத்து வரிசையில். கேஸ்பர்சிஜி வைத்திருந்தால் இந்தச் சுற்றுவழியே வேண்டாம். ஸ்வீடன் பொதுத் தொலைக்காட்சி உருவாக்கி, திறந்த மூலமாக வெளியிட்ட ப்ளேஅவுட் (ஒளிபரப்பை ஓட்டும்) மென்பொருள் அது. அதன் வலைப்பக்க வார்ப்புருக்கள் குரோமியம் உலாவி எஞ்சின் வழியாக வரையப்படுவதால் தமிழ் ஒழுங்காக வரும்.

எதை மாற்றினாலும் ஒளிபரப்பும் முன் இந்தச் சரத்தை ஓடவிட்டுப் பாருங்கள்: ‘கொடுக்கும் கௌரி ஸ்ரீ டீக்கூடை மூன்று ஞெகிழி க்ஷ’. இதில் எதுவும் உடையவில்லை என்றால் பெரும்பாலும் வேறெதுவும் உடையாது.

தட்டச்சில் வரும் கோளாறுகள் தனி. ‘கௌ’ என்பதற்குப் பதில் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ எழுத்தைத் தட்டுவது, காலுக்குப் பதில் ‘ர’, பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்து. முதல் இரண்டும் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் ஒரே விளம்பரம் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று கணினியில் தேடினால் கிடைக்காது. மூன்றாவது எண்ணையே கெடுக்கும். எண் பெட்டியில் இலக்கமும் இடைவெளியும் தவிர எதையும் ஏற்காதபடி படிவத்தை அமைத்துவிடுங்கள். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் விளம்பரம் அனுப்புபவர்களும் இன்னும் உண்டு. மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பின் ஒருவர் கண்ணால் படிக்க வேண்டும்.

எழுத்துரு தடிமனாக இருக்கட்டும். இண்டர்லேஸ்டு படத்தில் ஒரே ஒரு வரி உயரமுள்ள கிடைக்கோடு ஒரு ஃபீல்டில் மட்டும் இருக்கும். நொடிக்கு 25 முறை மின்னும். ‘ட’வின் அடிக்கோடு, ‘ப’வின் அடிக்கோடு எல்லாம் அப்படி மின்னினால் தலைவலிதான். மிக மெல்லிய கிடைக்கோடும் குறைந்தது 2 பிக்சல் வேண்டும். 3 இருந்தால் நிம்மதி.

நிறம் பற்றி: நிறத்தைச் சுருக்கி அனுப்பும் 4:2:0 வகைப் படத்தில் நிறத் தகவல் கிடையிலும் நெட்டிலும் பாதித் துல்லியம்தான். நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து போட்டால் வெளிச்ச வேறுபாடும் குறைவு, நிற விளிம்பும் கசியும். கறுநீலப் பட்டையில் 80 முதல் 90 சதவீத வெண்மை, அவ்வளவு போதும்.

---

வரிக்கணக்கு:

மேலே இருவரும் ஸ்க்ரோலை எப்படி நன்றாக ஓட்டுவது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் 40 விளம்பரத்துக்கு ஸ்க்ரோல் சரியான வடிவமே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு விளம்பரம் சராசரி 50 எழுத்து. 48 பிக்சல் அளவில் எழுத்துக்கு 45 பிக்சல் என்று வைத்தால் 2250, அடுத்த விளம்பரத்துக்கு முன் இடைவெளி 150, மொத்தம் 2400. நாற்பதுக்கு 96,000 பிக்சல். எம்சிஆர் நண்பர் சொன்ன 150 வேகத்தில் 640 நொடி. அதாவது ஒரு விளம்பரம் ஒரு முறை போனால் மறுபடி வர பத்தரை நிமிடத்துக்கு மேல். எண்ணைத் தவறவிட்டவர் அதற்காக உட்கார்ந்திருப்பாரா? வேகத்தைக் கூட்டினால் சுற்று குறையும், ஆனால் எண்ணைக் குறிக்க முடியாது. இந்த முடிச்சு ஸ்க்ரோலில் அவிழாது.

முழுத்திரை அட்டையில் நான்கு விளம்பரம், 15 நொடி அசையாமல். பத்து அட்டை, 150 நொடி. இரண்டரை நிமிடத்தில் நாற்பதும் முடிந்தன. ஒவ்வோர் எண்ணும் 15 நொடி நின்றது. தினமும் அதே நேரத்தில், செய்திக்கு முன்போ பின்போ, இரண்டு மூன்று முறை போடுங்கள். வேலை தேடுகிறவர் அந்த நேரத்துக்குப் பேனாவோடு உட்காருவார். ஸ்க்ரோலை அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ‘வேலைவாய்ப்பு 12, வீடு 9, முழு விவரம் 6:50-க்கு’.

டெலிடெக்ஸ்ட் (டிவியில் எழுத்துப் பக்கங்களைப் படிக்கும் சேவை) இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்த்தது. பிபிசியின் சீஃபாக்ஸ் 1974-இல் தொடங்கியது. பக்கத்துக்கு 24 வரி, வரிக்கு 40 எழுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று இலக்க எண். படம் வரும் அலையிலேயே பக்கங்கள் சுற்றிச் சுற்றி வரும், பார்ப்பவர் எண்ணைத் தட்டி வேண்டிய பக்கத்தை நிறுத்திப் படிப்பார். சீஃபாக்ஸில் விளம்பரம் இருந்ததில்லை. ஆனால் பிரிட்டனின் வணிகத் தொலைக்காட்சி டெலிடெக்ஸ்டில் விடுமுறைப் பயண விளம்பரம் பெரிய வியாபாரமாக நடந்தது. அதிலிருந்து எடுக்க வேண்டியது அந்த எண்ணைத்தான். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் மூன்று இலக்கக் குறியெண் கொடுங்கள். திரையில் ‘வீடு 214’ என்று பெரிதாக. போன் நம்பரைத் தவறவிட்டாலும் 214 மனதில் நிற்கும். உங்கள் இணையதளத்திலோ அலுவலகத் தொலைபேசியிலோ அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொள்வார்.

கட்டணத்துக்கு வருவோம். சொல்லுக்கு இவ்வளவு என்று வைத்தால் முதல் வாரத்திலேயே ‘மூன்றுபடுக்கையறைத்தனிவீடு’ வந்து சேரும். தமிழில் சேர்த்து எழுதுவதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. எழுத்துக்கு என்றால் கணினியும் வாடிக்கையாளரும் வேறு வேறு கணக்குச் சொல்வார்கள். ‘வாடகைக்கு’ என்பது நமக்கு ஐந்து எழுத்து: வா, ட, கை, க், கு. கணினி யூனிகோடு குறிகளை எண்ணினால் ஒன்பது. ரசீதில் ஒன்பது என்று அச்சானால் சண்டை நிச்சயம். எழுத்தை எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் குறியை எண்ணாமல் எழுத்துத் தொகுதியை எண்ணும் நிரல் வசதியைப் பயன்படுத்துங்கள்; பெரும்பாலான நிரல் மொழிகளில் அதற்கு நூலகம் இருக்கிறது.

இரண்டையும் விட வரியை விற்பதே தொல்லையில்லாதது. பெயரே வரி விளம்பரம்தானே. அட்டையில் ஒரு விளம்பரத்துக்கு மூன்று வரி, வரிக்கு அதிகபட்சம் 28 எழுத்து, மூன்றாவது வரியில் போன் நம்பரும் குறியெண்ணும் மட்டும். முதல் இரண்டு வரிக்கும் ஒரே கட்டணம். கூடுதல் வரி வேண்டுமென்றால் ஓர் அட்டையில் நான்குக்குப் பதில் மூன்று விளம்பரம்தான் பிடிக்கும். அந்த இழப்பைக் கணக்கிட்டு விலை வையுங்கள். ஒவ்வொரு வரியையும் 28 எழுத்துக்குள் அடக்குவதை வாடிக்கையாளரிடம் விடாமல் கவுன்டரில் இருப்பவரே செய்து, ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும்.

கட்டணத்தைவிட முக்கியம் சரிபார்ப்பு. ஒளிபரப்பும் முன் விளம்பரத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தால் யாரோ ஒருவர் வீட்டு போன் நாளெல்லாம் அடிக்கும். வேலை விளம்பரத்தில் முன்பணம், பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று கேட்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், கேட்டால் வேண்டாம். நோய் தீர்க்கும் உறுதி, அடமானமில்லாக் கடன், இன்ன சாதிக்கு மட்டும் வீடு என்பவற்றையும் கவுன்டரிலேயே திருப்பி அனுப்புங்கள். முடியும் தேதி இல்லாத விளம்பரத்தைக் கணினி ஏற்கவே கூடாது. விற்ற வீட்டுக்குப் பத்து நாள் கழித்தும் அழைப்பு வந்தால், அடுத்த முறை அவர் உங்களிடம் விளம்பரம் தர மாட்டார். எந்த அட்டை எத்தனை மணிக்குப் போனது என்ற ஒளிபரப்புப் பதிவேட்டைத் தினமும் எடுத்து வையுங்கள். ‘என் விளம்பரம் வரவே இல்லை’ என்பதற்கு அதுதான் பதில்.

இந்த இரண்டரை நிமிடம் பல நாடுகளில் விளம்பர நேர வரம்புக்குள் சேரும். ஸ்க்ரோலும் சேருமா என்பது விதிக்கு விதி மாறும். உரிம நிபந்தனையைப் படித்துவிட்டு அட்டவணை போடுங்கள்.

---

சதுரக்கட்டம்:

க்யூஆர் கேள்விக்கு: ஸ்க்ரோல் பட்டையில் வைத்தால் யாருடைய போன் கேமராவிலும் பிடிபடாது. காரணம் அளவு.

சின்ன முகவரி, 26 பைட்டுக்குள் என்றால் இரண்டாம் வகைக் கோடு, நடுத்தரப் பிழைதிருத்தத்துடன் போதும். 25 × 25 கட்டம். சுற்றிலும் நான்கு கட்டம் வெள்ளை ஓரம் சேர்த்து 33. கட்டத்துக்கு 8 பிக்சல் கொடுத்தால் 264 பிக்சல். 43 அங்குல டிவியின் திரை அகலம் சுமார் 95 செ.மீ.; அதில் இந்தக் கோடு 13 செ.மீ. வரும். போன் கேமரா நம்பிக்கையாகப் பிடிக்கும் தூரம் கோட்டின் அகலத்தைப் போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்வது வழக்கம். 1.3 மீட்டர். டிவிக்கு அவ்வளவு கிட்டத்தில் யார் உட்காருகிறார்கள்? கட்டத்துக்கு 16 பிக்சல் கொடுத்து 528 பிக்சலாக்கினால் 26 செ.மீ., 2.6 மீட்டர். அது அறைக்குச் சரி. திரை உயரத்தில் பாதி போய்விடும் என்பதால் அட்டையில்தான் இடம்.

ஆகவே விளம்பரத்துக்கு ஒன்று வேண்டாம். பத்து அட்டை முடிந்ததும் ஒரே ஒரு க்யூஆர் அட்டை, 20 நொடி, அன்றைய முழுப் பட்டியலுக்கு. முகவரி நீண்டால் கட்டம் கூடும், கட்டம் கூடினால் ஒவ்வொன்றும் சிறுக்கும். முகவரியைக் குட்டையாக வையுங்கள். வெள்ளை ஓரத்தை அழகுக்காக வெட்டாதீர்கள். நிலையத்தின் சின்னமோ கடிகாரமோ கோட்டின் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடு மெதுவாகத் தோன்றி மெதுவாக மறையும் அலங்காரமும் வேண்டாம், அந்த நொடிகள் வீண்.

---

தரைவழி_அலை:

நால்வருக்கும் நன்றி. அட்டைக்கு மாறுகிறோம், ஸ்க்ரோல் அறிவிப்புக்கு மட்டும். ஃபீல்டுக்கு 3 பிக்சல் வைத்ததும் நடுக்கம் போய்விட்டது. இரண்டு மிச்சம்: எழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு விளிம்பு தெரிகிறது. படத்தில் காட்சி மாறும்போது ஸ்க்ரோல் எழுத்து கட்டம் கட்டமாக உடைகிறது.

---

எம்சிஆர்_இரவுப்பணி:

கறுப்பு விளிம்பு: கிராஃபிக்ஸ் கணினி ஃபில்லை ஏற்கெனவே ஆல்ஃபாவால் பெருக்கி அனுப்புகிறது, கீயர் மறுபடி பெருக்குகிறது. அரைத் தெளிவு உள்ள விளிம்பு இரண்டு முறை இருளும். ஸ்விட்சரின் டவுன்ஸ்ட்ரீம் கீயரில் ‘ப்ரீமல்டிப்ளைடு கீ’ என்ற தேர்வு இருக்கும், அதை இயக்குங்கள். இயக்கிய பின் விளிம்பு பளிச்சென்று வெளுத்தால் கணினி பெருக்காமல் அனுப்புகிறது என்று பொருள், தேர்வை எடுத்துவிடுங்கள். விளிம்பு இடப்பக்கமோ வலப்பக்கமோ மட்டும் இருந்தால் காரணம் வேறு: ஃபில்லும் கீயும் ஒரே ஃபீல்டில் வந்து சேரவில்லை. இரண்டில் ஒன்று மட்டும் ஃப்ரேம் சிங்க் (நேரத்தை ஒத்திசைக்கும் கருவி) வழியாகப் போகிறதா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். ஸ்க்ரோல் இல்லாத இடத்திலும் மெல்லிய சாம்பல் திரை போல் தெரிந்தால் கீயின் கறுப்பு முழுக் கறுப்பாக இல்லை. கீயரின் கிளிப் அளவை (எதற்குக் கீழ் முழுக் கறுப்பாகக் கொள்வது என்ற வரம்பை) சற்று ஏற்றுங்கள்.

உடைவதற்குக் காரணம் பட்டையின் பின்புலம் பாதி ஊடுருவித் தெரிவது. பின்னால் படம் ஒரு திசையில், மேலே எழுத்து ஒரு திசையில். எந்த அசைவைக் கணித்து அடுத்த படத்தை அமைப்பது என்று என்கோடருக்கு (படத்தைச் சுருக்கி அனுப்பும் கருவிக்கு) பிடிபடாது. காட்சி மாறும் நொடியில் பிட் முழுவதும் புதுக் காட்சிக்குப் போய்விட, எழுத்து பட்டினி கிடக்கும். பட்டையை முழு நிறமாக, ஊடுருவல் இல்லாமல் வையுங்கள். மற்ற சேனல்களோடு பிட்டைப் பங்கிடும் மல்டிப்ளெக்ஸில் இருந்தால், உங்கள் சேனலுக்கான குறைந்தபட்ச பிட் அளவைச் சற்று உயர்த்தித் தரக் கேளுங்கள்.

பட்டையின் இடத்தையும் சரிபாருங்கள். கீழே 5 சதவீதம், அதாவது 54 பிக்சல் விட்டு, எழுத்து 1026-ஆம் வரிக்கு மேல் முடிய வேண்டும். பட்டையின் நிறம் மட்டும் திரையடி வரை போகலாம். தமிழுக்கு மேலே ‘ி’ வளைவு, கீழே ‘மூ’ வால் என இரண்டு பக்கமும் இடம் வேண்டும் என்பதால் 48 பிக்சல் எழுத்துக்கு 80 பிக்சல் உயரம் கொடுங்கள். பழைய 4:3 டிவியில் இரு பக்கமும் 240 பிக்சல் வெட்டுப்படும். ஓடும் எழுத்துக்குப் பாதகமில்லை. ஆனால் இடது ஓரத்தில் ‘வேலை’, ‘வீடு’ என்று நிலையாக வைக்கும் தலைப்பு 312-ஆவது பிக்சலுக்குப் பின் தொடங்கட்டும்.

ஸ்க்ரோலை நாளெல்லாம் விடாதீர்கள். ஓஎல்இடி திரையில் ஒரே இடத்தில் நிற்கும் பட்டை தழும்பாகப் பதியும். மணிக்கு நான்கைந்து முறை ஏற்றி இறக்கினால் போதும். பேரிடர் எச்சரிக்கைக்கான கிராஃபிக்ஸ் அடுக்கு இதற்கு மேலே இருக்க வேண்டும். எச்சரிக்கை ஏறியதும் ஸ்க்ரோல் தானாக இறங்கும்படி ப்ளேஅவுட்டில் கட்டி, ஒரு முறை ஒத்திகையும் பார்த்துவிடுங்கள்.